மாத்தவா, விடவா?

நூற்று நான்கு படிகள். தரைத்தளத்திலிருந்து ஐந்தாம் மாடித் தட்டச்சு அறை வரைக்கும் அவ்வளவுதான். கால் நன்றாக இருப்பவர்களுக்கு மூன்று நிமிட வேலை. சாய்கோட்டக்காவின் வலது முழங்காலுக்கோ அந்த நூற்று நான்கும் தனித்தனி ஆசாமிகள். முப்பத்தெட்டாவது படியின் விளிம்பு உடைந்திருக்கும். எழுபதாவது படியில் எந்தக் காலத்திலோ யாரோ துப்பிய சூயிங்கம் கல்லாகிக் கிடக்கும். தொண்ணூறைத் தாண்டும்போது உடன் ஏறுகிறவர்கள் “கடவுளே” என்பார்கள். அக்கா “முதலாளியே” என்பார்.

“என்னக்கா இப்படிக் கூப்பிடுறீங்க?” என்று துணி மடிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்.

“படியக் கட்டுனது அவருதானே? லிஃப்ட்ல ஏறாதேன்னு சொன்னதும் அவருதானே? சம்பந்தமில்லாத ஆள எதுக்கு வம்புக்கு இழுக்கணும்?”

அது ஆறு மாடித் துணிக்கடை. இருநூற்று அறுபது பேர் வேலை பார்த்தார்கள். கண்ணாடிக் கதவு போட்ட லிஃப்ட் ஒன்று உண்டு. உள்ளே மெத்தை வைத்த சின்ன பெஞ்சுகூட உண்டு. அதில் யார் ஏறலாம் என்பதைக் கடையின் விதிப் புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் விதி சொன்னது: ‘வாடிக்கையாளர், குடும்ப உறுப்பினர், பொம்மைகள் தவிர வேறு யாரும் லிஃப்டில் ஏறக் கூடாது.’ பொம்மைகள் என்றால் துணி மாட்டி நிறுத்துகிற ஆளுயரப் பொம்மைகள். படியில் தூக்கிப் போனால் விரல் உடைந்துவிடுமாம். எந்தக் குடும்பம் என்று எழுதவில்லை. அந்தக் கட்டடத்தில் குடும்பம் என்று ஒன்றுதான் இருக்க முடியும், அது முதலாளியுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த விதியைத் தட்டச்சு செய்ததே அக்காதான். ஊழியர் ஏறக் கூடாது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதுதான் அவரை உறுத்தியது. தடுக்கிற அளவுக்குக்கூட யாரும் அவர்களை நினைத்துப் பார்க்கவில்லை.

மாதம் ஒருமுறை பொம்மைகள் மாடி மாறும். பட்டியல் சரிபார்ப்பது அக்காவின் பொறுப்பு. கீழே பொம்மையை லிஃப்டில் ஏற்றிவிட்டு, படியேறிப் போய், மேலே அது இறங்குவதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். “உனக்கு முட்டியே மடங்காது, உனக்கு லிஃப்டு. எனக்கு மடங்குறதுதான் பிரச்சினை, எனக்குப் படி. நல்லா இருக்குடி நியாயம்” என்று பொம்மையிடம் சொல்வார்.

இருபத்திரண்டு வயதில் கவுண்டரில் நிற்க வந்தவர். உட்கார நாற்காலி கிடையாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். பதினொரு வருஷம் நின்றார். கடைக்கு முதல் கணினி வந்தபோது எல்லோரும் அதற்கு உறை போட்டு, தூசி தட்டி, பயந்துகொண்டே கடந்து போனார்கள். அக்கா மதிய இடைவேளையில் உறையைக் கழற்றினார். கூடவே வந்த கையேட்டை அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஆறு மாதத்தில் கவுண்டரை விட்டு நாற்காலிக்கு வந்தார். முழங்கால் அதற்குள் பாதி போயிருந்தது.

இப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கடைக்கு எத்தனையோ புது மென்பொருள் வந்துவிட்டது. அக்கா மட்டும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் அந்தப் பழைய எடிட்டரை விடவில்லை. அதில் ஒரு கட்டளை உண்டு. தேட வேண்டிய சொல், ஒரு சாய்கோடு, பதிலுக்கு வர வேண்டிய சொல், இன்னொரு சாய்கோடு. இவ்வளவு எழுதி என்டரைத் தட்டினால் நூறு பக்கமானாலும் கண் மூடித் திறப்பதற்குள் மாறிவிடும். கடைசியில் ‘சி’ என்று ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் எடிட்டர் அவசரப்படாது. அந்தச் சொல் வருகிற ஒவ்வோர் இடத்திலும் நின்று, அதை மட்டும் ஒளிரவைத்து, மாற்றவா விடவா என்று கேட்கும். ‘ஒய்’ தட்டினால் மாற்றும். ‘என்’ தட்டினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். இந்தச் சாய்கோட்டுப் பித்தினால்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. அந்தச் ‘சி’ இல்லாமல் அவர் ஒரு கட்டளையும் கொடுத்ததில்லை.

“ஒரே தட்டுல எல்லாத்தையும் மாத்திட்டுப் போக வேண்டியதுதானேக்கா?” என்று கணினி பழுது பார்க்க வந்தவர் கேட்டார்.

“முந்நூறு பேர வரிசையா நிக்க வச்சு, ஒருத்தர் மொகத்தக்கூடப் பாக்காம தீர்ப்பு சொல்றதுக்கு நான் என்ன முதலாளியா?”

வீட்டிலும் அதே கதைதான். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பரணை ஒழிக்கிற நாளில் “எல்லாத்தையும் தூக்கிப் போடு” என்பார். அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிப்பார். “இது?” “அது இருக்கட்டும்.” “இது?” “அதுவும் இருக்கட்டும்.” “அப்ப எல்லாத்தையும்னு எதத்தாங்க சொன்னீங்க?” முழங்காலுக்கு அவர் டிவி விளம்பரம் பார்த்து ஒரு காந்தப் பட்டை வாங்கி வந்தார். “ரத்தத்துல இருக்குற இரும்ப அப்படியே இழுத்துட்டு வருமாம்.” அக்கா பட்டையை ஒரு குண்டூசியிடம் காட்டினார். குண்டூசி அசையவில்லை. “குண்டூசியே வரமாட்டேங்குது. ரத்தம் வருமா?”

போன வருஷம் மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். “ஒண்ணு படியேறுறத நிறுத்துங்க. இல்ல, அந்த வேலைய நிறுத்துங்க. இப்படியே போனா அடுத்த வருஷம் சமதரையிலகூட நடக்க முடியாது.” மகள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. வேலையை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்கா லிஃப்டில் ஏற அனுமதி கேட்டு மனு எழுதினார். சுருக்கமான, நல்ல மனு. மூன்று முறை கொடுத்தார். மூன்று முறையும் அதை வாங்கிப் பார்த்தவர் முதலாளியின் மருமகன். கடையின் மேலாளர் அவர்தான்.

“ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா. விதின்னா விதி. அதுவுமில்லாம படியேறுறது உடம்புக்கு எவ்வளவு நல்லது தெரியுமா? நான்கூட ஏறணும்னு பாக்குறேன், நேரமே அமையல” என்று சொல்லி லிஃப்டில் இறங்கிப் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊழியர்களுக்கு நாற்காலி இருக்கிறதா, வேலை எட்டு மணி நேரத்துக்குள் முடிகிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆய்வாளர் வருகிறார். மருமகன் அப்போதுதான் ஏதோ ஓட்டலில் மூன்று நாள் நிர்வாகப் பயிற்சி முடித்து, கழுத்தில் அட்டையோடு திரும்பியிருந்தார். திங்கட்கிழமை காலை தட்டச்சு அறைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு ஒளி.

“இனிமே நம்ம கடையில ஊழியர்னு யாருமே கிடையாதும்மா.”

அக்கா திரும்பினார். “எல்லாரையும் அனுப்பப் போறீங்களா சார்?”

“சே சே. எல்லாரும் இனிமே குடும்ப உறுப்பினர்! விதிப் புத்தகத்துல ஊழியர்னு எங்கெல்லாம் இருக்கோ, அங்கெல்லாம் குடும்ப உறுப்பினர்னு மாத்துங்க. ஊழியர்தானே நாற்காலி கேப்பாங்க? குடும்பத்துல யாராவது எட்டு மணி நேரம்னு கடிகாரம் பாப்பாங்களா?”

உழைப்பவரிடமிருந்து நாற்காலியைப் பறிக்க ஆயிரம் வழி உண்டு. அன்பைச் சொல்லிப் பறிக்கிற வழியைக் கண்டுபிடிக்க மூன்று நாள் பயிற்சி தேவைப்பட்டிருக்கிறது. அக்கா விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். கட்டளையை எழுதினார், சொல்லின் வாலை வெட்டி, ‘ஊழிய’ என்பதற்கு ‘குடும்ப உறுப்பின’ என்று கொடுத்தார். அப்போதுதான் பின்னால் வருகிற எழுத்துகள் ஒழுங்காக ஒட்டும். கடைசியில் வழக்கம்போல ‘சி’.

“சார், பக்கத்துல உக்காருங்க. ஒவ்வொண்ணா பாத்துடலாம்.”

முதல் இடம் ஒளிர்ந்தது. அக்கா மாற்றி, உரக்கப் படித்தார். “‘காலை எட்டரைக்குள் வராத குடும்ப உறுப்பினர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்.’ சரியா சார்?”

“சரி, சரி.”

“‘தற்காலிகக் குடும்ப உறுப்பினர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவார்.’”

மருமகன் லேசாக நெளிந்தார். “ம். அடுத்தது.”

“‘குடும்ப உறுப்பினர்கள் வேலை நேரத்தில் ஒருவரோடொருவர் பேசக் கூடாது.’ இது பரவாயில்ல சார், பாதி வீட்ல அப்படித்தான்.”

“எத்தன இடம்மா இருக்கு?”

“முந்நூத்துப் பதினெட்டு.”

“ஐயோ! மொத்தமா மாத்துங்க. ஒண்ணு விடாம.”

“சார், ஒரு விஷயம். ஏற்கெனவே பதினாலு எடத்துல குடும்ப உறுப்பினர் இருக்காங்க. உங்க குடும்பம். மொத்தமா மாத்துனா அவங்களும் இவங்களும் ஒண்ணாக் கலந்துடுவாங்க. அப்புறம் பிரிக்கவே முடியாது.”

“கலக்கட்டுமே! அதுதானேம்மா கான்செப்ட்டே!”

“அப்ப, ‘ஒன்று விடாமல் மாற்றவும்’னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

போட்டுக் கொடுத்தார். அக்கா வாழ்க்கையில் முதன்முறையாக ‘மிச்சம் அனைத்தையும்’ என்பதற்கான எழுத்தைத் தட்டினார். முந்நூற்றுப் பதினைந்து முகம் தெரியாத ஆட்கள் ஒரே நொடியில் குடும்பமானார்கள். ஊழியர் என்ற சொல் ஆய்வாளர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று மருமகனே முன்னால் நின்று பழைய கோப்பை அழிக்கவைத்தார். பழைய அச்சுப் பிரதிகளைக் கிழிக்கவைத்தார். முதலாளி எதையும் படிக்காமல் கையெழுத்திடுகிறவர். பக்கத்துக்குப் பக்கம் போட்டார். மாலைக்குள் மாடிக்கு ஒரு பிரதி சுவரில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. நேராக லிஃப்ட் முன்னால் போய் நின்றார். லிஃப்ட்காரருக்கு அறுபது வயது. முப்பது வருஷமாக அந்தப் பெட்டிக்குள் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருப்பவர்.

“தங்கச்சி, என்ன இங்க?”

“நாப்பத்தொண்ணு படிங்கண்ணே.”

அவர் கண்ணாடியை மாட்டி, சுவரிலிருந்த பிரதியைப் படித்தார். பிறகு முதல் பக்கம் போய், குடும்ப உறுப்பினர் என்பவர் யார் என்பதையும் படித்தார். ‘குடும்ப உறுப்பினர் என்பவர் இக்கடையில் பணிபுரிபவர்.’ கண்ணாடியைக் கழற்றினார். “அட, நானும் குடும்பமா? அப்ப இத்தன வருஷமா சட்டப்படிதான் ஏறியிருக்கேன்!” கதவை அகலமாகத் திறந்தார்.

நான்கு நாள் அக்கா லிஃப்டில் போனார். மற்றவர்களும் போனார்கள். முழங்கால் மாலையில் வீங்கவில்லை. “பட்டை வேலை செய்யுது பாத்தியா?” என்றார் கணவர். “அது இன்னும் பொட்டியிலதாங்க இருக்கு.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குடும்பத்துக்குள் சண்டை வந்தது. முதலாளியம்மா, அதாவது மருமகனின் மாமியார், கைப்பையோடு வெளியே கிளம்பினார். வாசலில் சோதனை செய்யும் பெண் மேசையைக் காட்டினாள்.

“பையத் திறங்கம்மா.”

“என்னது?”

“‘வெளியே செல்லும் குடும்ப உறுப்பினர் பையைத் திறந்து காட்ட வேண்டும்.’ இருபத்து மூணாவது விதிம்மா. அய்யா கையெழுத்து இருக்கு.”

நாற்பது வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்க, பை திறக்கப்பட்டது. உள்ளே சீப்பு, சாவிக்கொத்து, பாதி தின்ற ஒரு பிஸ்கட் பொட்டலம், முழங்கால் வலிக்கு ஒரு தைலம். சோதனைப் பெண் தைலத்தின் மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தாள். எல்லோருக்கும் தினமும் அதைத்தான் செய்வாள்.

அடுத்த ஐந்தாம் நிமிடம் மருமகன் தட்டச்சு அறையில் இருந்தார். கழுத்து அட்டை காணோம்.

“திருப்பி மாத்துங்கம்மா. பழையபடி. மூணு மணிக்குள்ள. அத்தை வீட்டுக்கே வரவேணாம்னுட்டாங்க.”

அக்காவுக்கு லிஃப்ட் கதவு கண் முன்னால் மூடுவது போலிருந்தது. ஆனாலும் குரல் மாறாமல் சொன்னார். “மாத்தலாம் சார். ஆனா மொத்தமா மாத்துனா உங்க அத்தையும் ஊழியர் ஆயிடுவாங்க. காலையில எட்டரைக்கு வந்து கையெழுத்துப் போடணும். ஆகட்டுமா?”

“ஐயையோ!”

“அப்ப ஒவ்வொண்ணா பாக்கணும். முந்நூத்து முப்பத்திரண்டு எடம்.”

“உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே, நீங்களே பண்ணுங்க.”

“என் ஞாபகத்த நம்பி விதி எழுதக் கூடாது சார். நீங்க சொல்லுங்க. நான் தட்டுறேன்.”

மருமகன் உட்கார்ந்தார். முதல் ஐம்பது இடங்கள் அக்கறையாகப் போயின. நூறில் கொட்டாவி வந்தது. அப்புறம் மாமியாரிடமிருந்து தொலைபேசி வந்தது, வந்துகொண்டே இருந்தது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “இல்ல அத்த… நான் எழுதல அத்த… மாத்துங்கம்மா… இல்ல, உங்களச் சொல்லல அத்த” என்று இரண்டு பக்கமும் பேசினார்.

எடிட்டர் நாற்பத்தொன்றாம் விதிக்கு வந்து நின்றது. ‘வாடிக்கையாளர், குடும்ப உறுப்பினர், பொம்மைகள் தவிர…’ நடுச்சொல் ஒளிர்ந்தது. அக்காவின் விரல் விசைக்கு மேல் நின்றது. பேசாமல் ‘ஒய்’ தட்டலாம். யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் முகம் பார்க்காமல் தட்டுவது அவர் வழக்கமில்லை. கேட்காமல் தட்டுவதும் இல்லை. விதியை முழுதாக உரக்கப் படித்தார். “மாத்தவா, விடவா சார்?”

“மாத்துங்க.”

“சார், இது லிஃப்ட் விதி. இன்னொரு தடவ படிக்கிறேன்—”

“எனக்குப் பாடம் எடுக்காதீங்கம்மா! மாத்துங்க, மாத்துங்க! …ஐயோ, உங்கள இல்ல அத்த!”

அக்கா ‘ஒய்’ தட்டினார்.

மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தார். குள்ளமான, அதிகம் பேசாத பெண்மணி. முதலாளியின் கையெழுத்து ஈரம் காயாத புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தார். நாற்காலி இல்லாததற்கு ஒரு மாதக் கெடு எழுதினார். வேலை நேரத்துக்கு இன்னொன்று. நாற்பத்தொன்றாம் விதியில் நின்றார்.

“‘வாடிக்கையாளர், ஊழியர், பொம்மைகள் தவிர வேறு யாரும் லிஃப்டில் ஏறக் கூடாது.’ பரவாயில்லையே சார். ஊழியர்களுக்கு லிஃப்ட், வீட்டு ஆளுங்களுக்குப் படி! நான் பாத்த கடைகள்லயே இப்படி ஒரு விதி இங்கதான் இருக்கு.”

மருமகன் எட்டிப் பார்த்துத் தானும் அந்த வரியைப் படித்தார். ஆய்வாளர் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தினார். “இனிமே இதுல ஒரு வார்த்தை மாத்தணும்னாலும் காரணம் எழுதி எனக்கு அனுப்பணும். காரணம் சரியா இருந்தா ஒத்துக்குவேன்.”

சனிக்கிழமை மருமகன் ஊழியர் என்ற சொல்லை நீக்குவதற்குக் காரணம் எழுத உட்கார்ந்தார். ‘லிஃப்ட் தேய்ந்துவிடும்’ என்று எழுதினார். பொம்மைகளின் எடை ஞாபகம் வந்து அடித்தார். ‘வாடிக்கையாளர் முகம் சுளிப்பர்’ என்று எழுதினார். நாலு நாளாக யாரும் சுளிக்கவில்லை, அடித்தார். ‘படியேறுவது உடலுக்கு நல்லது’ என்று எழுதிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. லிஃப்ட்காரர் விதியைக் காட்டி அவரை ஏற்ற மறுத்துவிட்டார். மருமகன் அந்தக் காகிதத்தைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஏம்மா, அத்தையச் சேக்குறதுக்காவது ஒரு மனு வேணும். அவங்களுக்கு முட்டி வலி. அஞ்சாம் மாடியில இருக்குற அவங்க ஆபீஸ் ரூமுக்கு ஏற முடியாது. உருக்கமா ஒண்ணு எழுதுங்களேன்.”

“ஒண்ணு ரெடியா இருக்கு சார்.”

அக்கா ஒரு கோப்பைத் திறந்தார். கட்டளை வரியில் ‘தட்டச்சாளர்’ என்று எழுதி, சாய்கோடு போட்டு, ‘முதலாளியம்மா’ என்று எழுதினார். கடைசியில் ‘சி’. நான்கே இடம். ஒய், ஒய், ஒய், ஒய். மருத்துவர் சொன்னது, நூற்று நான்கு படிகள், மாலை வீக்கம், எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. அச்செடுத்துக் கொடுத்தார்.

மருமகன் படித்தார். மூக்கை உறிஞ்சினார். “அருமையா எழுதியிருக்கீங்கம்மா. படிக்கிறப்பவே மனசு என்னமோ பண்ணுது. இதுக்குப் போய் யாரு மாட்டேன்னு சொல்லுவாங்க? எப்ப எழுதுனீங்க?”

“போன வருஷம் சார். மூணு தடவ உங்ககிட்டதான் குடுத்தேன்.”

மருமகன் சட்டைப் பைக்குள் பேனாவைத் தேடினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஆய்வாளரின் ஒப்புதல் வந்த அன்று காலை லிஃப்டில் கூட்டம். முதலாளியம்மா வலது காலைத் தூக்கி வைத்து ஏறினார். அக்காவும் வலது காலைத் தூக்கி வைத்து ஏறினார். பெஞ்சில் இருவருக்கு இடம் இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். வாசலில் ஆளுயரப் பொம்மை ஒன்று கையை நீட்டிக்கொண்டு நின்றது.

“இதையும் ஏத்தணுமே. எடம் பத்தாது போலிருக்கே, தங்கச்சி” என்றார் லிஃப்ட்காரர்.

அக்கா பொம்மையை மேலும் கீழும் பார்த்தார்.

“அது அடுத்த தடவ வரட்டும்ணே. நிக்கட்டும். அதுக்குக் கால் வலிக்காது.”